இச்சைக்கும் கிரியைக்கும் நடுவே

பௌர்ணமி நாளில் வடசென்னைக்காரர்கள் போகிற ஒரு வழி உண்டு. காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடையம்மன். உச்சிப்பொழுதில் திருவொற்றியூரில் வடிவுடையம்மன். மாலையில் வடதிருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன். மூன்று அம்மன்களையும் ஒரே நாளில் தரிசித்துவிட்டு வீடு திரும்புவார்கள். பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டால் இன்னும் விசேஷம் என்பார்கள். மேலூரில் இருப்பவள் இச்சா சக்தி, ஒற்றியூரில் இருப்பவள் ஞான சக்தி, முல்லைவாயிலில் இருப்பவள் கிரியா சக்தி என்பது இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை.

இந்த வரிசையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். முதலில் விருப்பம். அடுத்தது அறிவு. அதற்கும் பிறகுதான் செயல். விருப்பத்தை விரட்டிவிட்டு வா என்று இந்த வழி நம்மிடம் சொல்லவில்லை. விருப்பமும் ஓர் அம்மன்தான். அவளுக்கும் விளக்கு உண்டு, பூமாலை உண்டு, கற்பூரம் உண்டு. அவளைக் கும்பிட்டுவிட்டுத்தான் பயணமே தொடங்குகிறது. ஆனால் விருப்பத்திலிருந்து நேரே செயலுக்குப் போய்விட முடியாது. நடுவில் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரில் இறங்கி, செருப்பைக் கழற்றி, கொஞ்ச நேரம் நின்றாக வேண்டும்.

நாமோ பல நேரங்களில் அந்த நடு ஊரை பைபாஸில் கடந்துவிடுகிறோம். ஆசை வந்தது, வாங்கினோம். ஆசை வந்தது, போனோம். ஆசை வந்தது, பேசினோம். எதற்காக என்று கேட்டுக்கொள்ள இடம் விடுவதில்லை. பின்னால் வரும் அலைச்சலுக்கெல்லாம் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆசைப்பட்டதால் வந்த துன்பத்தைவிட, ஆசையோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்காததால் வந்த துன்பம் அதிகம்.

இன்று நாம் எடுத்துக்கொள்வது ஒரு காரின் மேல் எழும் ஆசையை. சாதாரணக் காரைக்கூட அல்ல. மிகுந்த வேகமும் வலுவும் கொண்ட புத்தம்புதிய ஸ்போர்ட்ஸ் செடான் ஒன்றின் மேல் எழும் ஆசையை. ஆன்மிகம் பேச வந்த இடத்தில் காருக்கு என்ன வேலை என்று தோன்றலாம். மனம் எங்கே போய் நிற்கிறதோ அங்கேதானே நாமும் போய் அதைச் சந்திக்க வேண்டும்? இன்று பலருடைய மனம் ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறது. நாமும் அதன் பக்கத்தில் போய், அதட்டாமல், தோளில் கை வைத்து நிற்போம்.

வேகத்தின் மேல் ஆசை வடசென்னைக்குப் புதிதல்ல. 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் குழந்தைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கினார். அதுவே வளர்ந்து எம்.ஆர்.எஃப். ஆகி, 1961-இல் இதே ஊரில் டயர் செய்யும் ஆலையாயிற்று. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியது. 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் மாறியது. அதே 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்தன. புல்லட்டின் தடதடப்பு திருவொற்றியூரின் ஓசைகளில் ஒன்றாயிற்று. இந்த ஊரின் எத்தனையோ வீடுகளில் காலைச் சங்கொலி கேட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு சைக்கிளில் கிளம்பிய அப்பாக்கள் இருந்தார்கள். பிறர் ஓட்டப்போகும் சக்கரங்களைச் செய்தவர்கள் அவர்கள். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சக்கரத்தின் மேல் ஒரு கனவு வருவதில் என்ன குற்றம்?

எண்ணூரில் பூட்டப்பட்ட அந்த ஆஸ்டின் ஏ40 பற்றி ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். 1,200 சிசி எஞ்சின், 40 குதிரைத்திறன். அன்றைக்கு அதுவே பெரிய மனிதர்களின் கார். தெருவில் அது வந்தால் திண்ணையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்திருப்பார்கள். இப்போது 2021 மார்ச் மாதத்துக்கு வருவோம். அதே சென்னைக்குத் தெற்கே, சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்தில், 2007 முதல் இயங்கிவரும் பி.எம்.டபிள்யூ. ஆலையில் பூட்டப்பட்டு ஒரு செடான் விற்பனைக்கு வந்தது. எம்340ஐ என்று பெயர். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், 387 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் இழுவிசை. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.4 விநாடி. வெளியானபோது ஷோரூம் விலை 62 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய்.

நாற்பது குதிரை எழுபது சொச்சம் ஆண்டுகளில் முந்நூற்று எண்பத்தேழு குதிரை ஆகிவிட்டது. கிட்டத்தட்டப் பத்து மடங்கு. மனநிறைவும் பத்து மடங்கு கூடியிருக்க வேண்டுமே, கூடியிருக்கிறதா? ஆஸ்டினில் ஏறியவர் முகத்தில் மலர்ந்த மகிழ்ச்சி ஒரு பங்கு என்றால், இந்தக் காரில் ஏறுபவர் முகத்தில் மலர்வது பத்துப் பங்கா? நமக்கே தெரியும், அப்படி இல்லை. எஞ்சினின் வலு கூடும், விலை கூடும், வேகம் கூடும். உள்ளே மலர்வது மட்டும் அன்றைக்கு எவ்வளவோ இன்றைக்கும் அவ்வளவுதான். அப்படியென்றால் அந்த மலர்ச்சி எஞ்சினிலிருந்து வரவில்லை. அது வேறெங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து என்பதைத்தான் நாம் மெல்லத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்த 4.4 விநாடியையும் சற்றுப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒரு மூச்சுக்கு மூன்று விநாடி முதல் ஐந்து விநாடி. அப்படியானால், நின்ற நிலையிலிருந்து நூறைத் தொட அந்தக் காருக்கு ஆகும் நேரமும், நாம் ஒருமுறை நிதானமாக மூச்சை இழுத்து விட ஆகும் நேரமும் ஒன்றுதான். ஒரே அளவு நேரம். ஒன்றில் உடல் இருக்கையோடு சேர்த்து அழுத்தப்படுகிறது. மற்றதில் உடல் தளர்ந்து இளைப்பாறுகிறது. முன்னதற்கு அறுபது லட்சத்துக்கு மேல் வேண்டும். பின்னது பிறந்த நாள் முதல் நம்மிடம் இருக்கிறது. காரை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு மூச்சு நேரத்துக்குள் எவ்வளவு இருக்க முடியும் என்பதை அந்தக் காரே நமக்கு நினைவூட்டுகிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

ஆசை எப்படி வருகிறது என்பதை நம் உள்ளேயே கவனித்தால் தெரியும். முதலில் அது கண்ணில் படுகிறது. சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஒரு கார். தாழ்ந்த முகப்பு, அடங்கிய உறுமல். பச்சை விழுகிறது, அது போய்விடுகிறது. ஆனால் மனத்திலிருந்து போவதில்லை. இரவில் கைப்பேசியில் அதைத் தேடுகிறோம். அதன் எஞ்சின் ஓசையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். கையில் பணம் இல்லை, காரும் இல்லை. ஆனால் மனம் அதை ஓட்டத் தொடங்கிவிட்டது. உடன் ஒரு சின்ன வலியும் வந்து சேர்கிறது. இதுவரை எந்தக் குறையும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த பழைய வண்டி திடீரெனப் பழையதாகிவிடுகிறது. நேற்றுவரை போதுமாக இருந்தது இன்று போதவில்லை. வெளியில் எதுவும் மாறவில்லை. மனம் மட்டும் இருந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் மனத்தைத் திட்ட வேண்டாம். அதனோடு சண்டைக்கும் போக வேண்டாம். அதட்டப்பட்ட ஆசை ஒளிந்துகொள்ளுமே தவிர ஒழியாது. மேலூர் அம்மனைக் கும்பிடுவதுபோல அதையும் கும்பிட்டுவிடுவோம். ஆம், எனக்கு இது வேண்டும் என்று தோன்றுகிறது என்று ஒப்புக்கொள்வோம். ஒப்புக்கொண்ட கணமே அதன் பரபரப்பில் பாதி குறைந்துவிடுவதைக் காணலாம். மீதிப் பாதியை எடுத்துக்கொண்டு நாம் ஒற்றியூருக்கு வருவோம்.

ஒற்றியூரில் மூலவர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவானவர். ஆண்டு முழுவதும் அவர் மேல் கவசம் சார்த்தியிருக்கும். நாம் பார்ப்பது கவசத்தைத்தான். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் அந்தக் கவசம் விலகும். புனுகும் சவ்வாதும் சாம்பிராணித் தைலமும் சார்த்தி, உள்ளே இருக்கும் திருமேனியைக் காட்டுவார்கள். அந்த மூன்று நாளும் சன்னிதித் தெரு கொள்ளாத கூட்டம். உள்ளே இருப்பதை ஒருமுறையாவது நேராகப் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு அந்தக் கூட்டத்துக்கு.

நம் ஆசைகளுக்கும் அப்படி ஒரு கவச நீக்கம் வேண்டியிருக்கிறது. கார் என்பது மேலே சார்த்திய கவசம். அதன் உள்ளே இருப்பது என்ன? பொறுமையாகப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று தெரியும். ஒருவருக்கு உள்ளே இருப்பது மதிக்கப்பட வேண்டும் என்ற ஏக்கம். கல்யாண வீட்டு வாசலில் தம்மை யாரோ கவனிக்காமல் போன ஒரு பழைய மாலை. இன்னொருவருக்கு, நாளெல்லாம் பிறர் சொல்வதைக் கேட்டே வாழ்ந்த களைப்பு. ஒரு பெடலையாவது நான் மிதித்தபடி எதுவும் கேட்காதா என்ற ஆதங்கம். மற்றொருவருக்கு, ஆலைக்குச் சைக்கிளில் போன அப்பாவை ஒருமுறை முன்சீட்டில் உட்காரவைக்க வேண்டும் என்ற அன்பு. வேறொருவருக்கு வேறு எதுவும் இல்லை. இயந்திரத்தின் அழகில் சொக்கிப்போகும் குழந்தை மனம், அவ்வளவுதான். குழந்தை மனத்தில் கள்ளம் இல்லை.

உள்ளே இருப்பதைப் பார்த்துவிட்டால் பாதை தானே தெளிகிறது. மதிப்புக்கான ஏக்கம் என்றால், அதைக் கார் நிரப்பாது. இதைவிட விலை கூடிய கார் ஒன்று எப்போதும் அடுத்த சிக்னலில் நிற்கும். களைப்பு என்றால், தேவைப்படுவது ஓய்வு. அப்பாவின் மேல் அன்பு என்றால், அவரை உட்காரவைக்க இந்தக் கார்தான் வேண்டுமென்று இல்லை. இருக்கிற வண்டியிலேயே இந்த ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போகலாம். இயந்திரத்தின் மேல் வியப்பு என்றால், வசதி இருந்தால் வாங்கலாம், வாங்காமலும் வியக்கலாம். இப்படி உட்கார்ந்து பார்ப்பதற்குப் பெயர்தான் ஞானம். அது மலை உச்சியில் இல்லை. வாங்கும் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய இரவில் இருக்கிறது.

தோசைக்கல் காயுமுன் மாவை ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கல்லோடு ஒட்டிக்கொள்ளும், எடுத்தால் கிழியும். கல் காயும்வரை பொறுத்து ஊற்றினால் தானே எழும்பி வரும். ஆசைக்கும் செயலுக்கும் நடுவே மனம் பக்குவப்படும் நேரம் அது. அந்த நேரத்தைக் கொடுத்தவர்களுக்குப் பொருள் வரும், ஒட்டாது. கொடுக்காதவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும்.

அறிவது என்றால் உள்ளே பார்ப்பது மட்டுமல்ல, வெளியேயும் கண் திறந்து பார்ப்பதுதான். தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள காருக்கு ஆயுள் வரியே விலையில் 20 சதவீதம். அதற்கு மேல் காப்பீடு, சர்வீஸ், பெட்ரோல், மாதத் தவணை. கணக்குப் போடுவது ஆன்மிகத்துக்கு எதிரானதல்ல. கணக்குப் போடாமல் வாங்கிவிட்டு மாதம் பிறக்கும்போதெல்லாம் பதறுவதுதான் அமைதிக்கு எதிரானது. அந்தக் காரின் வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலையில், சென்னைச் சாலைகளில் பயன்படக்கூடியது எவ்வளவு என்றும் பார்க்கலாம். நகருக்குள் கார்களுக்கு விதித்த உச்ச வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். குடியிருப்புத் தெருக்களில் 30. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் அதுவும் இல்லை. முந்நூற்று எண்பத்தேழு குதிரைகளும் ஒரு லாரியின் பின்பலகையைப் பார்த்தபடி நிற்கும். அருகே ஒரு சைக்கிள்காரர் இடுக்கில் நுழைந்து போய்விடுவார்.

இன்னும் ஒன்றும் அறிய இருக்கிறது. நம் வண்டியில் ஊற்றும் பெட்ரோலுக்கும் ஓர் ஊர் உண்டு. இங்கிருந்து பக்கம்தான், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் மணலி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு வந்தது. எண்ணூர் மீனவர்கள் வாளியாலும் வெறுங்கையாலும் அதை அள்ளினார்கள். படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்களின் வெள்ளை இறகில் எண்ணெய் படிந்தது. நம் வேகத்துக்கு எங்கோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார். இதை அறிந்தபின் காரே வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுக்கலாம். குறைவாக ஓட்டுவேன் என்று இன்னொருவர் முடிவெடுக்கலாம். எந்த முடிவானாலும் அறிந்து எடுத்த முடிவில் ஒரு கனிவு இருக்கும். அறியாமல் மிதிக்கும் பெடலில் அது இருக்காது.

இதையெல்லாம் பார்த்தபின்னும் விருப்பம் அமைதியாக, பரபரப்பின்றி அப்படியே இருக்கிறது. கையில் வசதியும் இருக்கிறது என்றால், வாங்கலாம். அப்போது அது கிரியை. மூன்றாவது அம்மனின் அருள்.

புதுக்கார் வந்த வீட்டாரைக் கோயில் வாசலில் பார்த்திருப்பீர்கள். முகப்புக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும். பானெட்டின் குறுக்கே ஒரு முழம் சாமந்தி. நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சை. அம்மாவின் கையில் கற்பூரத் தட்டு. பாட்டி தள்ளி நின்று கண்ணை மூடியிருக்கிறார். குருக்கள் தீபம் காட்டி முடித்ததும், “மெதுவா எடுப்பா” என்கிறார். கார் ஓர் அடி நகர்கிறது. எலுமிச்சைகள் நசுங்கும் மெல்லிய சத்தம், உடனே அந்தப் புளிப்பு வாசனை. பூசணிக்காய் உடைகிறது. ஓட்டுபவரின் முகத்தைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் அவருக்கு எதுவும் வேண்டியிருக்காது. உலகத்தில் எந்தக் குறையும் இல்லாத முகம்.

அந்த முகத்துக்குக் காரணம் கார்தான் என்று அவர் நினைக்கிறார். நாமும் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் காரணம் கார் என்றால், அந்தக் கார் இருக்கும்வரை அந்த நிறைவும் இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே காரில், அதே இருக்கையில், அதே மனிதர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கார் மாறவில்லை. அப்படியானால் அன்று நிகழ்ந்தது என்ன? நெடுநாளாக ‘வேண்டும், வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டிருந்த மனம் அன்று ஒரு கணம் சொல்வதை நிறுத்தியது. அந்த ஓய்வில், எப்போதும் உள்ளே இருந்த அமைதி வெளியே தெரிந்தது. கார் அமைதியைக் கொண்டுவரவில்லை. மனத்தைச் சற்று நேரம் சும்மா இருக்கவைத்தது. அவ்வளவே. அடுத்த ஆசை கிளம்பியதும் மனம் மறுபடி சொல்லத் தொடங்கியது, அமைதி மறுபடி மறைந்தது.

இது சோர்வு தரும் செய்தியா? இல்லவே இல்லை. இதைவிட நல்ல செய்தி வேறு என்ன இருக்க முடியும்? அந்த நிறைவு நம் உள்ளே இருந்து வந்தது என்றால், அதற்காக அடுத்த காருக்குக் காத்திருக்க வேண்டாம். இன்று மாலையும் அது அங்கேயே இருக்கிறது.

வாங்கியபின் வருவது வைத்திருத்தல். இந்தப் பக்கத்தில் ஒரு காரைப் பளபளப்பாக வைத்திருப்பது லேசான காரியமல்ல. இரவு நிறுத்திய காரைக் காலையில் பார்த்தால், பெயிண்டின் மேல் மெல்லிய பிசுபிசுப்பு. விரலால் தொட்டால் உப்பும் ஆலைத் தூசியும் சேர்ந்து கறுப்பாக ஒட்டும். துடைத்தால் மறுநாள் காலையில் மறுபடி வந்திருக்கும். கடற்காற்றுக்கு எந்தக் கார் யாருடையது என்று தெரியாது. ஒருநாள் முதல் கீறலும் விழும். ஒரு கதவில், விரல் நீளத்தில், யார் போட்டது என்றே தெரியாமல். அன்று உள்ளே ஓர் எரிச்சல் எழும். கீறல் விழுந்தது கதவில், வலித்ததோ நமக்கு. நம் எல்லை தோலோடு நின்றிருந்தது. எப்போது அது கதவு வரைக்கும் நீண்டது? அந்த வலியை விரட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால், ‘எனது’ என்பது ‘நான்’ ஆகிவிட்ட இடம் தெளிவாகத் தெரியும். அதைக் கண்டவருக்கு அந்தக் கீறலே ஒரு குரு.

பொருளோடு வாழ்ந்த இருவரின் நினைவு ஒற்றியூரில் நிலைத்திருக்கிறது. ஒருவர் பட்டினத்தார். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் வாணிகம் செய்த பெருஞ்செல்வர். கடல் வாணிகத்துக்குப் போய்வந்த வளர்ப்பு மகன் மருதவாணன் விட்டுச்சென்ற பெட்டிக்குள் காது முறிந்த ஓர் ஊசியும் ஓர் ஓலையும் இருந்தன என்பது கதை. பயனற்ற அந்தத் துண்டு இரும்பைக்கூட எடுத்துப்போக முடியாத ஒரு பயணம் இருக்கிறது என்று புரிந்த கணத்தில் அவர் எல்லாவற்றையும் விட்டார். பல ஊர் நடந்து, கடைசியில் ஒற்றியூர்க் கடலோரத்தில் அடங்கினார். கசக்கும் பேய்க்கரும்பு அவருக்கு இனித்த இடம் இதுதான் என்பார்கள். இன்றும் அவர் சமாதி அங்கே இருக்கிறது.

மற்றவர் கலிய நாயனார். இவ்வூரிலேயே செக்கு வைத்து எண்ணெய் வாணிகம் செய்த செல்வர். கோயில் முழுவதும் விளக்கேற்றுவதே அவர் வாழ்வு. செல்வம் கரைந்தது, கூலிக்கு வேலை செய்து ஏற்றினார். கூலியும் நின்றது, தம் இரத்தத்தையே எண்ணெயாக்கத் துணிந்தார் என்கிறது பெரியபுராணம். பட்டினத்தார் பொருளை விட்டார். கலியர் பொருளை ஒளியாக்கிச் செலவிட்டார். இருவரும் பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

நாம் பட்டினத்தாரும் அல்லர், கலியரும் அல்லர். குடும்பஸ்தர்கள். நமக்கு வீடு உண்டு, தவணை உண்டு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் உண்டு. ஆனால் அந்த இருவரிடமிருந்தும் நாம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம். வைத்திருக்கும்போதே இது ஒருநாள் நம்மை விட்டுப் போகும் என்ற நினைவு பட்டினத்தாருடையது. வைத்திருக்கும்வரை இது பிறருக்கும் உதவட்டும் என்ற எண்ணம் கலியருடையது. நள்ளிரவில் பக்கத்து வீட்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறல் என்றால், சீட் அழுக்காகுமே என்று ஒரு நொடிகூட நினைக்காமல் அந்த விலையுயர்ந்த கதவைத் திறப்பவர், காரை உண்மையாகவே வைத்திருப்பவர். நினைத்துத் தயங்குபவரைக் கார் வைத்திருக்கிறது.

இனி, ஓட்டுதல். வேகமான காரை ஓட்டுவது மனத்தைப் பழக்க நல்ல இடம். வலுவில்லாத வண்டியில் மெதுவாகப் போவதில் பெருமை இல்லை, வேறு வழியில்லை. காலடியில் அத்தனை வலு காத்திருக்க, பெடலை லேசாக மட்டும் தொட்டுக்கொண்டு, தெருவைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைக்காக நிற்பது அடக்கம். சினமும் அப்படித்தான். குறுக்கே வந்த ஷேர் ஆட்டோ மேல் கோபம் எழலாம். அந்தக் கோபத்தின் வலு எவ்வளவு என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் காலை எடுத்துவிடலாம். நாளுக்கு எத்தனையோ முறை இந்தப் பயிற்சி நம்மைத் தேடி வருகிறது. லாரிக்கு வழி விடும்போதெல்லாம் ஒரு சிறு தியானம். ஹாரனை அழுத்தாமல் விட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு விரதம். நள்ளிரவில் சாலை வெறிச்சோடிக் கிடக்கும்போது அழைக்கும் வேகத்துக்குத் தலையாட்டாமல் வீட்டுக்கு வந்து சேர்வது பெரிய விரதம்.

வாங்காதவர்களுக்கும் ஒரு சொல். எம்340ஐ சாலைக்கு வந்ததற்கு முந்தைய மாதம், 2021 பிப்ரவரி 14 அன்று, வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. இன்று அந்த வழியில் ஒரு நிலையத்துக்கே ‘திருவொற்றியூர் தேரடி’ என்று பெயர். அந்தப் பெட்டியின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும், கீழே செடானில் உட்கார்ந்திருப்பவருக்கும் கிடைக்கும் மூச்சு ஒன்றே. காரில் இருப்பவரைப் பார்த்துப் பொறாமை வேண்டாம், இளக்காரமும் வேண்டாம். எளிமை என்று நினைத்துக்கொண்டு உள்ளூரப் பொருமுவதும் ஆசையின் இன்னொரு முகம்தான். வாங்க முடியாததால் வந்த அமைதிக்கும், வேண்டாம் என்று தெரிந்ததால் வந்த அமைதிக்கும் உள்ள வித்தியாசத்தை நம் மனமே நமக்குச் சொல்லும். முன்னதிலிருந்து பின்னதற்கு வந்துசேர நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஒருமுறை நேராகப் பார்த்தால் போதும்.

இப்போது உங்கள் மனத்தில் ஏதோ ஓர் ஆசை இருக்கும். காராக இருக்கலாம், வீடாக இருக்கலாம், பதவியாக இருக்கலாம். அதைக் கொல்ல வேண்டாம். அதற்கு உடனே கீழ்ப்படியவும் வேண்டாம். ஒரு நாள் அதனோடு இருங்கள். உனக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று அதனிடம் அன்பாகக் கேளுங்கள். பதில் வந்தபின் வாங்குங்கள், அல்லது விடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? அதனாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நாளைக் காலை ஸ்டார்ட் பட்டனை அழுத்துமுன் ஒரே ஒரு மூச்சை முழுதாக இழுத்து, முழுதாக விடுங்கள். ஐந்து விநாடிகூட ஆகாது. அதன்பிறகு வண்டியை எடுங்கள்.